திருமுனைப்பாடியில் ஏன் இத்தனை கவிகள்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே இருக்கிறது திருநாவலூர். எட்டாம் நூற்றாண்டில் இவ்வூர் ஆதிசைவக் குடும்பம் ஒன்றில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்த பிள்ளைக்கு நம்பி ஆரூரன் என்று பெயர். தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையைப் பார்த்த சிற்றரசர் நரசிங்க முனையரையர், பெற்றோரிடம் கேட்டு வாங்கித் தம் மகனாகவே வளர்த்தார் என்கிறது பெரியபுராணம். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் தேவாரம் பாடிய மூவரில் ஒருவரான சுந்தரர்.

தெருவில் விளையாடும் ஒரு குழந்தையைப் பார்த்து, 'இவன் நாளை கவி ஆவான்' என்று சொல்ல முடியுமா? உளவியல் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது. கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெண்ணையும் கெடிலமும் ஓடும் பகுதிக்கு அன்று திருமுனைப்பாடி நாடு என்று பெயர். அப்பர் பிறந்த திருவாமூர் இந்த நாட்டில்தான் இருக்கிறது. முதலாழ்வார் மூவரும் சந்தித்ததாக வைணவ மரபு சொல்லும் திருக்கோவலூர் இந்த வட்டாரத்து ஊர். கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊர் திருவெண்ணெய்நல்லூர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் தந்ததும் அதே ஊரில். மகாபாரதத்தைத் தமிழ்ச் செய்யுளாக்கிய வில்லிபுத்தூராரும் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். ஒரு மனிதர் ஏன் படைப்பாளி ஆகிறார் என்பதோடு, ஒரு வட்டாரம் ஏன் படைப்பாளிகளை அடுத்தடுத்துத் தருகிறது என்பதற்கும் விடை தேட வேண்டியிருக்கிறது.

தலைக்குள் இருப்பது

1950-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக உரையாற்றிய ஜே. பி. கில்ஃபோர்ட், படைப்பாற்றலை உளவியலாளர்கள் ஏறக்குறையக் கைவிட்டுவிட்டார்கள் என்று வருந்தினார். ஒரே சரியான விடையைத் தேடும் சிந்தனை வேறு, ஒரு கேள்விக்குப் பல விடைகளைக் கிளைவிடச் செய்யும் சிந்தனை வேறு என்று அவர் பிரித்தார். ஒரு செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பது இவ்வகைச் சோதனைகளில் பெயர்பெற்ற கேள்வி. சுவர் கட்டலாம், திண்ணை கட்டலாம், அடுப்புக் கட்டலாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் விடை மூன்று, வகை ஒன்று. கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம், பொடியாக்கிக் கோலத்துக்குக் காவி எடுக்கலாம், எடைக்கல்லாக வைக்கலாம் என்று இன்னொரு பிள்ளை சொன்னால் விடை மூன்று, வகையும் மூன்று. விடைகளின் எண்ணிக்கை, வகை, புதுமை, விரிவு ஆகிய நான்குக்கும் மதிப்பெண் உண்டு.

இதை வளர்த்தெடுத்த எல்லிஸ் பால் டாரன்ஸ், 1958-இல் மின்னசோட்டாவில் பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்கத் தொடங்கினார்; அவர்களின் வாழ்க்கை பல பத்தாண்டுகளுக்குப் பின்தொடரப்பட்டது. சிறுவயது மதிப்பெண்ணுக்கும் பிற்காலச் சாதனைக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் மிதமான அளவில்தான். தான் செய்யும் வேலையின் மேல் தீராத காதல் கொள்வதும், வழிகாட்ட ஒருவர் கிடைப்பதும் எவ்வளவு முக்கியம் என்பதை டாரன்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அறிவுத்திறன் சோதனையின் கதை இன்னும் தெளிவானது. 1921-இல் லூயிஸ் டெர்மன் கலிஃபோர்னியாவில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியரை உயர்ந்த மதிப்பெண் அடிப்படையில் தேர்ந்தெடுத்து, அவர்கள் வளர்வதைத் தொடர்ந்து கவனித்தார். பலர் நல்ல வேலைகளில் அமர்ந்து நிறைவாக வாழ்ந்தார்கள். நோபல் பரிசு அவர்களில் யாருக்கும் கிடைக்கவில்லை. மதிப்பெண் போதாது என்று தேர்வில் விடுபட்ட வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வாரெஸ் இருவரும் பிற்பாடு இயற்பியலில் நோபல் பெற்றார்கள்.

ஆளுமைப் பண்புகளில் ஒன்று மட்டும் ஆய்வுக்கு ஆய்வு முன்னால் வந்து நிற்கிறது. புதிய அனுபவத்துக்கு மனத்தைத் திறந்து வைத்திருக்கும் பண்பு அது. பழக்கமில்லாத இசையை நின்று கேட்பது, புரியாததை விலக்காமல் விசாரிப்பது, முரணான இரண்டு எண்ணங்களைச் சேர்த்து வைத்துப் பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும். கலைஞர்களிடமும் அறிவியலாளர்களிடமும் இது பொதுவாக மிகுந்திருப்பதைக் கிரெகரி ஃபைஸ்ட் 1998-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். வேறு பண்பாட்டுக்குள் வாழ்ந்து பழகிய அனுபவத்துக்கும் படைப்பாற்றலுக்கும் தொடர்பு உண்டு என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. ஆதிசைவர் வீட்டில் பிறந்து அரசர் வீட்டில் வளர்ந்த நம்பி ஆரூரருக்கு இரண்டு உலகங்களின் பழக்கமும் பேச்சும் சிறு வயதிலேயே கிடைத்தன. அவருடைய பாட்டில் அடியாரின் பணிவும், உரிமையோடு கேட்பவரின் அதிகாரமும் அடுத்தடுத்து வருவதை வாசிப்பவர் எவரும் கவனிக்கலாம்.

முன்னோர் பாட்டு

சுந்தரரின் பாடல்கள் ஏழாம் திருமுறை. நமக்குக் கிடைத்திருப்பவை நூறு பதிகங்கள், பதினேழு பண்களில். அவற்றுள் செந்துருத்திப் பண்ணில் தேவாரம் முழுவதற்கும் இருப்பது ஒரே ஒரு பதிகம். திருவாரூரில் சுந்தரர் பாடியது. இருப்பதையெல்லாம் கற்று, அதற்கு அப்பால் ஓர் அடி வைத்தவர் அவர்.

அந்தக் கற்றலுக்கு அவர் வாக்கே சான்று. திருவலிவலப் பதிகத்தில், ஞானசம்பந்தரும் நாவுக்கரசராகிய அப்பரும் முன்பே பாடியவற்றையே தாமும் திரும்பச் சொல்வதாக வெளிப்படையாகப் பாடுகிறார். தமிழின் மிகத் தனித்த குரல்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரர், தம் மூலதனத்தை யாரிடம் பெற்றார் என்று சொல்லத் தயங்கவில்லை. பெரியபுராணம் தரும் ஒரு காட்சியும் இதையே காட்டுகிறது. திருவதிகைக்கு வந்த சுந்தரர், அப்பர் தம் கையால் உழவாரப் பணி செய்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி, ஊருக்குள் போகாமல் வெளியே சித்தவடமடத்தில் இரவு தங்குகிறார்.

மேலை இசையமைப்பாளர்கள் எழுபத்தாறு பேரின் வாழ்க்கையை ஜான் ஹேய்ஸ் ஆராய்ந்தார். அவர்களின் புகழ்பெற்ற படைப்புகளில் ஏறக்குறைய எல்லாமே, இசை பயிலத் தொடங்கிப் பத்தாண்டுகள் கழிந்த பிறகு வந்தவை. தனியாக நின்ற மேதை என்று நாம் நினைக்கும் இராமானுஜனுக்கும் கும்பகோணத்தில் கார் என்பவர் தொகுத்த கணிதத் தேற்ற நூல் ஒன்று கையில் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை அதிலிருந்து தாமே நிறுவிப் பழகியவர் பிறகு தம் தேற்றங்களுக்குப் போனார். மனப்பாடம் படைப்பாற்றலைக் கெடுக்கும் என்று பலர் சொல்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மனப்பாடத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் கெடுக்கிறது.

கட்டுக்குள் பிறக்கும் புதுமை

சுந்தரரின் முதற்பதிகம் பிறந்த கதை தமிழர் அறிந்தது. புத்தூரில் திருமணம் நடக்கப்போகும் நேரத்தில் முதியவர் ஒருவர் வந்து, 'இவன் எனக்கு அடிமை, பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது' என்று தடுக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. மூல ஓலையில் இருக்கும் எழுத்தைப் பாட்டனார் எழுதிய வேறு ஓலையோடு ஒப்பிட்டு, அடிமைதான் என்று சபையார் தீர்ப்புச் சொல்கிறார்கள். முதியவர் இறைவனே என்று தெரிந்த பிறகு, என்ன பாடுவது என்று சுந்தரர் திகைக்கிறார். 'வழக்கின்போது நீ என்னை ஏசிய சொல்லையே முதற்சொல்லாக வைத்துப் பாடு' என்று கட்டளை வருகிறது. பாட்டு பிறக்கிறது.

சேக்கிழார் இதை எழுதியது பன்னிரண்டாம் நூற்றாண்டில், சுந்தரருக்குச் சுமார் நானூறு ஆண்டுகள் கழித்து. கதையை வரலாறாக எடுத்தாலும் பக்தி மரபாக எடுத்தாலும், படைப்பு நிகழும் விதம் பற்றி அதில் ஓர் உண்மை இருக்கிறது. எதை வேண்டுமானாலும் பாடலாம் என்ற நிலையில் வாய் அடைத்துப்போகிறது. ஒரு சொல் கொடுத்ததும் திறக்கிறது. கேட்ரினெல் ஹாட்-ட்ராம்ப் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் வாழ்த்து அட்டைக்கு எதுகையோடு இரண்டு வரி எழுத வேண்டும். கட்டாயமாக ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்தே எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியவற்றில் புதுமை கூடுதலாக இருந்தது. நிபந்தனையை நீக்கிய பிறகும் அந்தப் பயன் கொஞ்சம் தொடர்ந்தது. எதுகை, மோனை, அந்தாதி, பதிகத்துக்குப் பத்துப் பாட்டு, கடைசிப் பாட்டில் பாடியவர் பெயர் என்று தமிழ் யாப்பு விதித்த கட்டுகள் எல்லாம் கவியைப் பழகிய தடத்திலிருந்து வெளியே தள்ளும் கருவிகளாகவும் வேலை செய்திருக்கின்றன.

பொன்னுக்காகப் பாடலாமா?

தெரேசா அமபிலே 1985-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில் எழுபத்திரண்டு இளம் எழுத்தாளர்கள் கலந்துகொண்டார்கள். முதலில் எல்லோரும் பனியைப் பற்றி ஒரு குறுங்கவிதை எழுதினார்கள். பிறகு ஒரு பிரிவினரிடம், 'நான் ஏன் எழுதுகிறேன்' என்பதற்கான காரணங்களைத் தந்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். அந்தக் காரணங்கள் எல்லாம் பணம், புகழ், வேலை போன்றவை. இன்னொரு பிரிவினருக்குத் தந்த காரணங்கள் எழுதும் இன்பம், சொல்லைக் கையாளும் மகிழ்ச்சி போன்றவை. மூன்றாம் பிரிவினருக்கு இந்தக் கேள்வியே இல்லை. அதன்பின் எல்லோரும் சிரிப்பைப் பற்றி இன்னொரு கவிதை எழுதினார்கள். யார் எந்தப் பிரிவு என்று அறியாத பன்னிரண்டு கவிஞர்கள் மதிப்பிட்டார்கள். பணத்தையும் புகழையும் சில நிமிடங்கள் நினைத்தவர்களின் இரண்டாம் கவிதை மட்டும் தரம் இறங்கியிருந்தது.

அப்படியானால் சுந்தரர்? அவர் பொன் கேட்டுப் பாடியவர். குண்டையூரில் கிடைத்த நெல்லைத் திருவாரூருக்குக் கொண்டுசேர்க்க ஆள் கேட்டுப் பாடியவர். பார்வை போனபோது கண் கேட்டுப் பாடியவர். அவர் பாட்டு தரம் இறங்கவில்லை. அமபிலேயும் பின்னாளில் தம் முடிவைத் திருத்தினார். வெகுமதி ஒருவரை அடக்கி ஆளும் கயிறாக உணரப்பட்டால் படைப்பு வாடுகிறது. ஏற்கெனவே விரும்பிச் செய்யும் வேலைக்கு அது துணையாக உணரப்பட்டால் வாடுவதில்லை. இறைவனைத் தோழராகக் கொண்டு உரிமையோடு கேட்பவர் கேட்டதற்காகப் பாடுவதில்லை. பாடுகிறவர், கேட்கவும் செய்கிறார். நம் பள்ளிகளில் பிள்ளைகள் வரைவதையும் எழுதுவதையும் பரிசுக்கும் மதிப்பெண்ணுக்கும் மட்டுமே என்று ஆக்கிவைத்திருப்பவர்கள் இந்த வேறுபாட்டை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, அளவு. சுந்தரர் முப்பத்தெட்டாயிரம் பதிகம் பாடினார், நூறே மிஞ்சின என்பது மரபு. அந்த எண்ணை அப்படியே ஏற்கத் தேவையில்லை. ஆனால் நிறையப் பாடியவர் என்ற நினைவு அதில் இருக்கிறது. டீன் கீத் சைமன்டன் பல துறைகளின் படைப்பாளிகளை ஆராய்ந்து கண்டது: ஒருவரின் சிறந்த படைப்புகளின் எண்ணிக்கையை முன்கூட்டிச் சொல்லும் வலுவான குறி, அவருடைய மொத்தப் படைப்புகளின் எண்ணிக்கை. பெரியவர்களும் சாதாரணமானவற்றை நிறையச் செய்திருக்கிறார்கள். அவர்களுடைய சிறந்தவை அந்தக் குவியலிலிருந்தே வந்தன.

கூத்து மேடையும் கூட்ட அறையும்

பலர் சேர்ந்தால் என்ன ஆகும்? அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற விளம்பர நிறுவனத்தார், கூடி உட்கார்ந்து தோன்றியதையெல்லாம் சொல்லும் முறையை 1953-இல் எழுதிய நூலில் பரப்பினார். 1958-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். நால்வர் கூடிப் பேசிச் சொன்ன யோசனைகளைவிட, நால்வர் தனித்தனியே உட்கார்ந்து சொன்னவற்றின் தொகை ஏறத்தாழ இரு மடங்கு. 1987-இல் டீல், ஸ்ட்ரோபே இருவரும் முக்கியக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கையில் தோன்றிய யோசனை மறந்துபோகிறது, புதிது தோன்றுவதும் நின்றுபோகிறது.

ஆனால் திரௌபதி அம்மன் விழாக்களில் விடிய விடியத் தெருக்கூத்து ஆடும் குழுவைப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்லிப் பொருள் விரிப்பார். இரவில் அதே கதை கூத்தாக வரும். இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து வேடதாரி பாடிக்கொண்டே வருவார். கட்டியக்காரன் 'யார் நீங்கள், எந்த ஊர்' என்று கேட்டுக் கதையை இழுப்பார். வேடதாரி பாடி முடித்த அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திரும்பப் பாடுவார்கள். முகவீணையும் மிருதங்கமும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வேடதாரிக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது, அடுத்த அடியும் நினைவுக்கு வருகிறது. கூட்டம் சலித்தால் கட்டியக்காரன் அன்றைய ஊர்ச் செய்தியை உள்ளே இழுத்துவிடுவார். ஒருவர் பாடும்போது மற்றவர் காத்திருப்பது இங்கேயும் உண்டு. அந்தக் காத்திருப்பு வீணாகாதபடி வேலை பகிரப்பட்டிருக்கிறது.

அனிதா வூலி குழுவினர் 2010-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பக்கத்தில் வருகிறது. 699 பேரை இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட குழுக்களாக்கிப் பலவகை வேலைகள் கொடுத்தார்கள். குழுவில் மிக அறிவாளி யார் என்பது பெரிதாக உதவவில்லை. பிறர் முகத்தைப் பார்த்து மனத்தை அறியும் திறனும், பேச்சு ஒருவரிடமே தங்காமல் சமமாகச் சுற்றிவருவதும் நன்றாக உதவின. பிறகு வந்த ஆய்வாளர்கள் சிலர், உறுப்பினர்களின் சராசரி அறிவுத்திறனுக்கு இன்னும் கூடுதல் இடம் உண்டு என்று மறுத்தார்கள்; விவாதம் முடியவில்லை. ஒருவரே பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் புதியது பிறப்பது அரிது என்பதற்கு ஆய்வு இல்லாமலே நம் அலுவலகங்கள் சாட்சி.

ஊரும் ஊரும் தொடும் இடம்

பிரையன் உஜி, ஜாரெட் ஸ்பைரோ இருவரும் 1945 முதல் 1989 வரை நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் வந்த இசை நாடகங்களை ஆராய்ந்தார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்கள் மட்டுமே கூடிய காலத்தில் வெற்றி குறைவு. எல்லோரும் எல்லோருக்கும் பழையவர்களாகிவிட்ட காலத்திலும் குறைவு. பழகியவர்களும் புதியவர்களும் கலந்திருந்தபோதுதான் நல்ல நாடகங்கள் அதிகம் வந்தன. ரொனால்ட் பர்ட் 2004-இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் மேலாளர்களிடம் கண்டதும் இதை ஒட்டியது: ஒன்றோடொன்று தொடர்பில்லாத குழுக்களுக்கு நடுவே நிற்பவர்களிடமிருந்தே மதிப்புள்ள யோசனைகள் கூடுதலாக வந்தன.

திருமுனைப்பாடி அப்படி நடுவில் நின்ற நாடு. நடுநாடு என்று பெயர் பெற்ற பகுதி. வடக்கே தொண்டை நாடு, தெற்கே சோழ நாடு. அடியாரும் பாணரும் படையும் வணிகரும் கடந்துபோகும் வழி. அதனால்தான் கவிகள் பிறந்தார்கள் என்று நிறுவ யாராலும் முடியாது. ஆய்வுகள் காட்டும் போக்கோடு இது பொருந்துகிறது என்று சொல்லலாம். சிவஞானபோதத்தின் கதையில் இந்தப் பிணைப்பு கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. திருவெண்ணெய்நல்லூரில் இளைஞரான மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரத்தில் நூல் செய்கிறார். திருத்துறையூர் அருணந்தி வயதில் மூத்தவர், மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குலகுரு. அவர் வந்து அந்த இளைஞரிடம் மாணவராகி, சிவஞான சித்தியார் எழுதுகிறார். திருவதிகை மனவாசகங்கடந்தாரும் அதே ஆசிரியரிடம் கற்று உண்மை விளக்கம் எழுதுகிறார். பக்கத்துப் பக்கத்து மூன்று ஊர்கள், மூன்று நூல்கள், நடுவே ஒரு பாடம். வயதில் மூத்தவர் இளையவரின் சொல்லுக்குக் காது கொடுத்த இடத்தில் ஒரு தத்துவ மரபே தழைத்தது.

கேட்கும் செவி

மிகாய் சிக்சென்ட்மிஹாய் படைப்பாற்றலுக்கு மூன்று கால் உண்டு என்றார்: படைக்கும் ஆள், அவர் கற்றுத் தேர்ந்த துறை, 'இது புதியது, வைத்திருக்கத் தக்கது' என்று ஏற்கும் சமூகம். சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகை பதினொரு பாட்டு. தனியடியார் அறுபது பேரையும் தொகையடியார் ஒன்பது கூட்டத்தையும் அதில் வணங்கினார். தில்லையில் அடைபட்டுக் கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னன் காலத்தில் மீட்டுத் தொகுத்ததாக மரபு போற்றும் நம்பியாண்டார் நம்பி, அந்தத் தொகையை அந்தாதியாக விரித்தார். சேக்கிழார் அதைப் பெருங்காப்பியம் ஆக்கினார். பாடியவரோடு, ஏடு எழுதியவரும் ஓதியவரும் மீட்டவரும் சேர்ந்தே சுந்தரரை நம்மிடம் கொண்டுவந்தார்கள்.

கேட்பார் இல்லாமல் போனவர்களையும் நினைக்க வேண்டும். அறுபத்துமூவரில் பெண்கள் மூவர். காரைக்கால் அம்மையாரின் பாட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. திருநாவலூர் இசைஞானியார் பெயரில் ஒரு பாட்டும் இல்லை. அவர் பாடினாரா என்பதற்குக்கூடச் சான்று இல்லை.

இதன் இன்றைய உருவத்தை அலெக்ஸ் பெல், ராஜ் செட்டி உள்ளிட்டோர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அமெரிக்காவில் வருமானத்தில் உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள், வருமான வரிசையின் கீழ்ப்பாதிக் குடும்பப் பிள்ளைகளைவிடப் பத்து மடங்கு அதிகமாகக் கண்டுபிடிப்பாளர் ஆகிறார்கள். மூன்றாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணில் உள்ள வேறுபாடு இந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட விளக்கவில்லை. கண்டுபிடிப்பாளர்கள் நடுவே வளர்ந்த பிள்ளைகள் கூடுதலாகக் கண்டுபிடிப்பாளர் ஆனார்கள். ஒரு துறையில் பெண் கண்டுபிடிப்பாளர்கள் இருந்த ஊரில் வளர்ந்த சிறுமிகள் கூடுதலாக அதே துறைக்குப் போனார்கள். பார்த்துப் பழக ஆள் இல்லாததால் எத்தனையோ திறமைகள் முளைக்கும் முன்பே போய்விடுகின்றன.

எனவே, தெருவில் விளையாடும் பிள்ளையைப் பார்த்து எதிர்காலம் சொல்லும் சோதனை நம்மிடம் இல்லை. இனி வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். எந்தச் சூழலில் படைப்பு அதிகம் பிறக்கிறது என்பது ஓரளவு நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஆழக் கற்க ஒரு துறை, பழகிப் பார்க்கச் சில கட்டுகள், நிறையச் செய்து நிறையத் தவறவிட நேரம், விருப்பத்தை விலைக்கு மாற்றாத ஆசிரியர், புதியவரும் பழையவரும் கலந்த கூட்டம், சமமாகச் சுற்றும் பேச்சு, கடைசியில் கேட்கும் செவி. இவற்றில் எதுவும் விலை உயர்ந்த கருவி கேட்பதில்லை. கல்வராயன் மலைப் பள்ளியில் படிக்கும் மலையாளிப் பழங்குடிச் சிறுமிக்கும், கள்ளக்குறிச்சியில் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத் தொழிலைத் தகப்பனிடம் பார்த்துவரும் சிறுவனுக்கும் இவற்றைத் தர முடியும். இதை வாசிக்கும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் இந்த வாரமே ஒன்று செய்யலாம்: உங்கள் பிள்ளை தானாக உண்டாக்கிய ஒன்றை, திருத்தாமல், மதிப்பெண் போடாமல், முழுவதும் கேளுங்கள். பிறகு அந்தத் துறையில் தேர்ந்த ஒருவரிடம் அழைத்துப்போங்கள்.